நான்கு பேர் தங்கலாம்

நான்கு பேர் தங்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது.
மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
வில்லாபுரம் வீட்டு ஹாலில்
சோபாவைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து
இரண்டு வாரம் விரித்தே கிடந்தது கூடாரம்.
மின்விசிறிக்குக் கீழே ஒரு காடு.
ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கரடி என்றான் அகரன்.

மொசைக் தரையில் முளை இறங்காது.
அதனால் முளைகளும் கயிறும்
டிவி ஸ்டாண்டுக்குக் கீழேயே தங்கிவிட்டன.
சாத்தையாறு அணையைத் தாண்டித்தான்
அது எங்களுக்குத் தெரிந்தது.

சித்திரைக் கடைசி. அறுத்த வயல்.
தாள் செருப்பைத் தாண்டிக் குத்தியது.
வகுத்தமலை உச்சியில்
பிழிந்து போட்ட துணி மாதிரி ஒரே ஒரு மேகம்.
"பத்து சதவீதம்தான்" என்று செல்லைக் காட்டினார் சோலைராசா.
அந்தப் பத்து சதவீதம்
ஆறே முக்காலுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் புழுதி. பிறகு வைக்கோல்.
பிறகு, கார் கூரையில் யாரோ
புளியங்கொட்டை கொட்டியதுபோல் ஆலங்கட்டி.
ஒரு முனை கார்க் கதவின் கைப்பிடியில்,
ஒரு முனை உடைமரத்தில், என் துப்பட்டாவால்.
மற்ற இரண்டையும் அவரே பிடித்திருந்தார்.
பாலமேட்டு மண்ணல்லவா, கூடாரம் திமிறியது.
திமிலை அணைந்தவர்போல்
பதினைந்து அடி கூடவே போய் விழுந்தார்.
பரிசு அறிவிக்க ஆளில்லை.

காருக்குள் நாங்கள் நால்வர்.
கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சு.
சால்னா பொட்டலம் பிரிந்து
நிறைமதியின் பைக்குள் போயிருந்தது.
டவர் இல்லை என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை.
"நான் அப்பவே சொன்னேன்" என்பதை
நாக்கின் அடியில் வைத்து
அப்பளத்தைப்போல் ஊறவிட்டேன்.
அவர் எங்களைப் பார்க்கவில்லை.
ஓடாத வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கண்ணாடியில் தட்டும் சத்தம்.
உரச்சாக்கைக் கொங்காணி போட்ட ஒரு பையன்,
இருபத்தைந்து இருக்கும், கையில் டார்ச்.
"அண்ணே, அந்தக் கூடாரம் சும்மாத்தானே கெடக்கு?"

பெயர் கோட்டைச்சாமி. கமுதிப் பக்கம்.
அடுத்த வயலில் கிடை போட்டிருந்தான்.
குட்டிகளை மூடியிருந்த குடாப்புக்குள்
வாய்க்கால் தண்ணீர் ஏறிவிட்டதாம்.
"நாலு நாளுக் குட்டிண்ணே. வெறைச்சுப் போகும்."

ஒரு மணி நேரமாய்ப் பேசாத மனிதர்
கதவைத் திறந்து இறங்கினார்.
இவரும் அவனுமாக, அக்குளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று,
பின்னால் என் மகள், செருப்பில்லாமல்.
அகரன் டார்ச் பிடித்தான், பெரும்பாலும் வானத்தை நோக்கி.
புதுப் போர்வையை நான்தான் விரித்தேன்.
ஏன் விரித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பதினொரு குட்டிகள்.
முளை தேவைப்படவில்லை.
அவற்றின் கனத்துக்கே
கூடாரம் இருந்த இடத்தில் இருந்தது.

மழை தூறலான பிறகு
கோட்டைச்சாமியை உள்ளே கூப்பிட்டோம்.
"மேலெல்லாம் வாடைக்கா" என்று வெளியே நின்றே
நனைந்த பரோட்டாவைத் தின்றான்.
தினமும் இப்படித்தானா என்று கேட்டாள் நிறைமதி.
"ஒரு வயல்ல ரெண்டு ராத்திரி.
வயக்காரர் காசு குடுப்பாரு."
"நமக்கு யாரு குடுப்பா?" என்றார் சோலைராசா.
முதலில் சிரித்தது நான்தான்.

விடிந்ததும் தாய்கள் பெயர் சொல்லாமலே
தன் தன் குட்டியைக் கண்டுகொண்டன.
ஜிப்பின் நாக்கை ஏதோ ஒன்று சப்பித் தின்றிருந்தது.
போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.
வீடு வரும்வரை ஏசி போடவில்லை,
வாடை போய்விடும் என்று
அகரன் கண்ணாடியைக்கூட இறக்க விடவில்லை.

நான்காம் நாள் செல்லில் கேட்டார்கள்:
பொருள் எப்படி இருக்கிறது? எத்தனை நட்சத்திரம்?
அவர் நெடுநேரம் அடித்து, அழித்து, அனுப்பினார்:
"ஒழுகும். உள்ளே கனமாக யாராவது இருந்தால் நிற்கும்."

முளைகள் இன்னும் டிவி ஸ்டாண்டுக்குக் கீழேதான்.
நேற்றுப் பெருக்கும்போது விளக்குமாறு தட்டியது.
சுற்றிப் பெருக்கிவிட்டு வந்தேன்.